ஒரு மருந்துச்சீட்டை வாசித்தல்

சமஸ்கிருதத்தில் 'காகவந்த்யா' என்றொரு சொல் உண்டு. ஒரே ஒரு குழந்தையைப் பெற்று, அதன்பின் கருத்தரிக்காத பெண்ணைக் குறிப்பது. தமிழில் அது 'காகமலடு' என்று வழங்கியிருக்கிறது. ஒரு பிள்ளையைப் பெற்றுப் பாலூட்டி வளர்த்துக்கொண்டிருப்பவளையும் மலடு என்ற வேலிக்குள் அடைக்க நம் முன்னோர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு அப்படி ஒரு சொல்லும் இல்லை. ஒரு பிள்ளை பிறந்ததோடு அவனுடைய கணக்கு நேராகிவிட்டது. அவளுடைய கணக்கு மட்டும் திறந்தே கிடக்கிறது.

இந்தச் சொல்லை அகராதியில் பார்த்தபோது எனக்கு வயது முப்பத்தைந்து. மகளுக்கு ஆறு வயது. ஒரு வருடமாக இரண்டாவது குழந்தைக்கு முயன்று, மருத்துவமனைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். இன்றைய மருத்துவம் என் நிலையை 'இரண்டாம் நிலைக் குழந்தையின்மை' என்கிறது. சொல் நாகரிகமாகிவிட்டது. பார்வை மாறியிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

நான் தமிழ் கற்பிப்பவள். ஒரு பிரதியில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதோடு, யார் பேர் விடுபட்டிருக்கிறது என்றும் பாருங்கள் என்று மாணவிகளிடம் சொல்வேன். என் கைக்கு வந்த முதல் மருந்துச்சீட்டை அப்படித்தான் வாசிக்கிறேன்.

மேலே என் பெயர், வயது. இன்னாரின் மனைவி. கீழே: குளோமிஃபீன் 50 மில்லிகிராம், மாதவிடாயின் இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை. ஃபோலிக் ஆசிட், தினம் ஒன்று. பதினோராம் நாள் ஸ்கேன். அவ்வளவுதான். என் கணவருக்கு அந்தச் சீட்டில் இருந்த ஒரே இடம் என் பெயருக்குப் பக்கத்தில். 'அவருக்கு டெஸ்ட் எதுவும் வேண்டாமா மேடம்?' என்று கேட்டேன். 'அதான் ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கேம்மா. அவருக்கு ஒண்ணும் இருக்காது' என்றார் மருத்துவர். அவரும் பெண்தான். கனிவாகத்தான் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தக் குழந்தை எனக்கும்தான் பிறந்தது. ஒரு குழந்தை பிறந்ததே குறையில்லை என்பதற்குச் சான்று என்றால், எனக்கும் மாத்திரை தேவையில்லை. ஆறு வருடத்தில் உடல் மாறியிருக்கலாம் என்றால், அவர் உடலும்தான் மாறியிருக்கும். விந்தணு முதிர்ந்து வர இரண்டரை மாதம் போல ஆகும். ஆறு வருடத்துக்கு முன்பு இருந்தவை இன்று இல்லை. இடையில் சர்க்கரை வரலாம், எடை ஏறலாம், விதைப்பையில் நரம்பு புடைத்து வேரிகோசீல் உண்டாகலாம், புகையும் பட்டறைச் சூடும் சேரலாம். லாரிக்குக்கூட எஃப்.சி. புதுப்பிக்காமல் ரோட்டில் விடமாட்டார்கள். ஆணுக்கு மட்டும் முதல் பிள்ளை ஆயுள் முழுக்கச் செல்லும் சான்றிதழ்.

அடுத்த விடுபடல் இன்னும் பெரியது. எனக்கு மாதவிடாய் தவறியதே இல்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பது நாளில் வந்துவிடும். குளோமிஃபீன் முட்டை வெளிவராத பெண்களுக்கான மாத்திரை. அது முட்டைப்பையில் நேராக வேலை செய்வதில்லை. மூளைக்குப் போகும் ஈஸ்ட்ரோஜன் தகவலை மறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டது என்று மூளை ஏமாந்து, முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்புகிறது. முட்டை வராதவளுக்கு இது உதவும். மாதாமாதம் முட்டை வருகிறவளுக்கு? காரணம் கண்டறியப்படாத குழந்தையின்மைக்கு இத்தகைய மாத்திரைகளைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இலேயே வழிகாட்டியிருக்கிறது. எனக்கு முட்டை வருகிறதா என்று இருபத்தோராம் நாள் ரத்தத்தில் புரொஜெஸ்டிரான் பார்க்கவில்லை. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. என் முதல் பிரசவம் சிசேரியன்; அறுவைக்குப் பின் உள்ளே ஒட்டுதல்கள் இருக்கலாம். குழாய் அடைத்திருந்தால் எத்தனை முட்டை வந்தும் பயனில்லை. இவை எதுவும் தெரியாமல் மாத்திரை வந்துவிட்டது.

மூன்றாம் மாதம் அளவு 100 மில்லிகிராம் ஆனது. ஒரு நாள் மாலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். விளக்கைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தால் வெளிச்சம் கூடவே வந்தது. எழுத்துகளுக்குப் பின்னால் நிழல் ஓடியது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். 'மாத்திரை சூடு, அப்படித்தான் இருக்கும், இளநீர் குடிங்க' என்றார் போனை எடுத்த பெண். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை அன்றுதான் விரித்தேன். எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது: பார்வைக் கோளாறு தோன்றினால் மருந்தை நிறுத்த வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்ததால் நிறுத்தினேன். அந்த மருத்துவமனை வரிசையில் என்னோடு உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அதன்பின் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளோமிஃபீன் 1967இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. விலை குறைவு, பழகிய மருந்து. கருப்பையின் உள்தோலை மெலியவைக்கலாம், இரட்டைக் குழந்தைக்கான வாய்ப்பைக் கூட்டும், பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீட்டக்கூடாது. தைராய்டு குறைவாக இருந்தாலோ புரொலாக்டின் அதிகமாக இருந்தாலோ, முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். மாத்திரை பலிக்காதபோது வருவது கொனடோட்ரோபின் ஊசி. இந்த ஊசியின் கதையை மாணவிகளிடம் சொன்னபோது நம்ப மறுத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் அந்த ஹார்மோன் மிகுதி. 1950களில் இத்தாலியில் செரோனோ நிறுவனத்துக்காக, மடங்களில் இருந்த மூத்த கன்னியாஸ்திரிகளின் சிறுநீரைச் சேகரித்துத்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மருந்தால் முதல் குழந்தை 1962இல் பிறந்தது. பிள்ளையே பெறாத பெண்களின் உடம்பிலிருந்து வந்தது பிள்ளைப்பேற்றுக்கான மருந்து. இன்று பெரும்பாலும் ஆய்வகத்தில் தயாராகிறது.

லெட்ரோசோலின் கதை நம் நாட்டுக் கதை. அது மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து. முட்டை வளர்ச்சிக்கும் உதவுகிறது என்று மருத்துவர்கள் எழுதிக்கொடுத்துவந்தார்கள். 2011 அக்டோபரில் குழந்தையின்மைக்கு அதைப் பயன்படுத்துவதை மத்திய சுகாதார அமைச்சகம் தடைசெய்தது. 2014இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வெளியானது. பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. 2017இல் இங்கே தடை நீங்கியது. ஆபத்து என்று தடுத்ததும் பின் சரி என்று திறந்ததும் பெண்களின் உடம்பு பற்றிய முடிவுகள். மருந்தை விழுங்குகிறவர்களிடம் இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. 'இது கேன்சர் மாத்திரை ஆச்சேக்கா' என்று மருந்துக்கடைப் பையன் சொல்லித் தெரிந்துகொண்டு, பயந்துபோய் வீடு திரும்பிய பெண்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

மருந்துச்சீட்டில் விடுபட்டவர் வீட்டிலும் விடுபடுகிறார். 'ஏங்கண்ணு, பாப்பாவுக்குத் துணைக்கு ஒண்ணு வேணுமில்ல' என்பார் அத்தை. தனிமரம் தோப்பாகாது. ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஒரு ஆண் என்ற பேச்சை வாய்விட்டுச் சொல்லமாட்டார்; மகளின் தலையைத் தடவும்போது அது கையில் இருக்கும். இதில் எதுவும் அவர் மகனை நோக்கி வருவதில்லை. என் தோழிகள் வேறு மாதிரி. 'ஒண்ணு போதாதா? நீயுமா இந்தச் சுழல்ல விழணும்?' என்றார் கூட்டங்களில் என்னோடு பேசும் ஒருத்தி. இந்த இடத்தில் நம் எழுத்தையும் விமர்சிக்க வேண்டியிருக்கிறது. தாய்மையைத் திணிப்பதை எதிர்த்து நிறைய எழுதியிருக்கிறோம், அது தேவை. ஆனால் ஒரு குழந்தை இருந்தும் இன்னொன்றை மனதார விரும்பி, மாதாமாதம் ரத்தம் கண்டு அழுகிறவளுக்கு நம்மிடம் ஒரு பத்திகூட இல்லை. முதல் குழந்தை இல்லாதவள் அழுதால் ஊரே உச்சுக்கொட்டும். இவள் அழுதால் பேராசை. அதனால் யாரிடமும் கேட்காமல், கொடுத்ததை விழுங்குகிறாள். சட்டமும் இதற்கு விலக்கல்ல. 2021ஆம் ஆண்டின் வாடகைத்தாய் சட்டப்படி, உயிரோடு ஒரு குழந்தை இருக்கும் தம்பதிக்கு, அந்தக் குழந்தைக்குக் கடும் நோயோ ஊனமோ இருந்தால் தவிர, அனுமதி இல்லை. வாடகைத்தாய் முறை எனக்கு உடன்பாடல்ல. ஆனாலும் கவனியுங்கள்: ஒன்று போதும் என்கிறது சட்டம், ஒன்று போதாது என்கிறது வீடு. இரண்டும் அவளைக் கேட்கவில்லை.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அந்தச் சமயம் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எடுத்திருந்தோம். காளிக்கும் பொன்னாவுக்கும் பன்னிரண்டு வருடமாகக் குழந்தையில்லை. வேண்டுதல், பரிகாரம் எல்லாம் முடிந்து, திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளுக்குப் பொன்னாவை அனுப்புகிறார்கள். அந்த இரவை ஒழுக்கத்தின் கேள்வியாகவே பலரும் வாசித்தார்கள். 2014 டிசம்பரில் நூலைக் கொளுத்தினார்கள். எனக்கு அந்த வாசிப்பில் வேறொன்று பட்டது. அந்தக் கதையில் ஆணின் உடம்பும் சோதனைக்கு வரும் ஒரே இடம் அந்த இரவுதான். அவள் கருவுற்றால் குறை யாருடையது என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். தொடர்ச்சியான 'ஆலவாயன்' நாவலில் அவள் கருவுறுகிறாள். காளி உயிரோடு இல்லை. ஆணின் குறை தெரியவர வேண்டுமானால் ஒரு பெண் தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்ற ஏற்பாட்டை நாவல் காட்டுகிறது. சில நூறு ரூபாயில் ஒரு விந்துப் பரிசோதனை முடிந்துவிடும் இந்தக் காலத்திலும் அதே வரிசைதான்: முதலில் பெண்ணின் உடம்பு, எல்லாம் தீர்ந்தபின் ஆணுடையது.

இது மருத்துவரோடு நிற்கும் பழக்கம் அல்ல. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் எழுதிய நாட்களில் ஆண்களும் பெருமளவில் கத்திக்குப் படுத்தார்கள். தமிழ்நாட்டில் இன்றோ கருத்தடை அறுவை என்றால் அது பெண்ணுக்குத்தான். ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. 2024 அக்டோபரில் ஒரு திருமண மேடையில் முதல்வர், பதினாறு பெற்றுக்கொள்ளலாமே என்று தொகுதிக் கணக்கை வைத்துப் பேசினார், சிரித்தார்கள். நிறுத்தச் சொன்னாலும் பெறச் சொன்னாலும் மேடையில் பேசுகிறவர்களுக்கு மாத்திரை இல்லை.

ஆறாம் மாதம் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் முதல் கேள்வியை என் கணவரிடம் கேட்டார். பரிசோதனையில் அணுக்களின் எண்ணிக்கையும் குறைவு, நகர்வும் குறைவு, இடப்பக்கம் வேரிகோசீல். என் குழாய்கள் திறந்திருந்தன, முட்டையும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. என் கணவர் நல்லவர். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், 'அம்மாகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்' என்றார். ஐந்து மாதம் என் மாத்திரைகள் ஃப்ரிட்ஜின் மேல், வந்துபோகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி இருந்தன. அவருடைய ரிப்போர்ட் பீரோவில், பத்திரங்களுக்கு அடியில் போனது. நானும் அத்தையிடம் சொல்லவில்லை. அவர் இன்னும் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதை எழுதும்போது, அந்த மௌனத்தில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவருடைய பெயர் எழுதாத சீட்டை நான் வீட்டில் தொடர்ந்துகொண்டிருக்கிறேன்.

இரண்டாவது குழந்தை எனக்கு இன்னும் வேண்டும். மருந்துகளுக்கு நான் எதிரி அல்ல. சரியான ஆளுக்குச் சரியான காரணத்தோடு கொடுத்தால் அவை பெரிய உதவி. இதை வாசிக்கும் பெண்களில் யாராவது அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தால், முதல் மாத்திரைக்கு முன் இவற்றைக் கேளுங்கள்: எனக்கு முட்டை வரவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? குழாயைப் பார்த்தீர்களா? தைராய்டு, புரொலாக்டின் பார்த்தாயிற்றா? இந்த மாத்திரை எத்தனை மாதம், எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும்? எல்லாவற்றுக்கும் முன்னால், அவருடைய பரிசோதனை முடிந்ததா? முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்காமல் போவதும் நல்லது. நான் அந்த ஐந்து மாதத்தை இழந்தேன். என் வயதில் அது சின்ன இழப்பு அல்ல.

அடுத்த வாரம் அவருக்கு வேரிகோசீல் அறுவை. கூட இருக்க யார் வருகிறார்கள் என்று மருத்துவமனையில் கேட்டிருக்கிறார்கள். அத்தையைக் கூப்பிடுவதாக இருந்தால் எதற்கு அறுவை என்று அவரிடம் சொல்லியாக வேண்டும். அதை அவரே சொல்லட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.