பையுஐசி கருவியும் அழிந்துபோகும் திருத்தங்களும்

பையுஐசி5 என்பது கியூட் டிசைனரில் வரையப்பட்ட இடைமுகக் கோப்பைப் பைத்தான் நிரலாக மாற்றித் தரும் கட்டளை வரிக் கருவியாகும். இது பைகியூட் 5 தொகுப்புடன் கிடைக்கிறது. டிசைனர் தன் வரைவை எக்ஸ்எம்எல் வடிவிலான யுஐ கோப்பாகச் சேமிக்கும். முனையத்தில் அக்கோப்பின் பெயரையும், '-ஓ' விருப்பத்துடன் வெளியீட்டுக் கோப்பின் பெயரையும் கொடுத்தால், சாளரம், பொத்தான், பட்டியல் ஆகியவற்றை உருவாக்கும் நிரல் உடனே கிடைத்துவிடும்.

இக்கருவியைப் புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகின்றனர். உருவான கோப்பைத் திறந்து, பொத்தானை அழுத்தினால் நடக்க வேண்டியதை அதற்குள்ளேயே எழுதுகின்றனர். பின்னர் ஒரு பெட்டியைச் சேர்க்க டிசைனருக்குத் திரும்பி, அதே கட்டளையை மீண்டும் இயக்குகின்றனர். கருவி எதையும் கேட்பதில்லை. பழைய கோப்பின் மீது புதியதை எழுதிவிடுகிறது. பல நாள் உழைப்பும் அத்துடன் போகிறது. கையால் செய்த திருத்தங்கள் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கை அக்கோப்பின் தலைப்பிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கோப்பின் தலைப்புக் குறிப்புகளை யார் படிக்கிறார்கள்?

பழியைக் கருவியின் அமைப்பின் மீது போடுவது முழு நியாயமாகாது. உருவாகும் வகுப்பு தானே ஒரு சாளரம் அன்று; அது சாளர வகுப்பு எதிலிருந்தும் மரபுரிமை பெறுவதில்லை. அதிலுள்ள செட்அப்யுஐ என்னும் செயற்கூறு, வெளியிலிருந்து தரப்படும் சாளரத்தின் மீது உறுப்புகளை அடுக்குகிறது, அவ்வளவே. எனவே நிரலர் தன் சாளர வகுப்பைத் தனிக் கோப்பில் எழுதி, அங்கிருந்து செட்அப்யுஐயை அழைக்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் நோக்கம். இவ்வாறு செய்தால் வரைவை நூறு முறை மாற்றினாலும் கையால் எழுதியது அப்படியே இருக்கும். கியூட் 3 காலத்தில் டிசைனருக்குள்ளேயே நிரல் எழுதி, அதை வரைவுக்குப் பக்கத்தில் ஒரு துணைக் கோப்பில் வைக்கும் வழக்கம் இருந்தது. 2005-இல் வெளிவந்த கியூட் 4 அதைக் கைவிட்டு இன்றைய பிரிவினையைக் கொண்டுவந்தது. இது நல்ல முடிவு.

அந்த நல்ல முடிவைக் குலைப்பது '-எக்ஸ்' என்னும் விருப்பம். இதைச் சேர்த்தால், உருவான கோப்பின் இறுதியில் செயலியைத் தொடங்கிச் சாளரத்தைக் காட்டும் சில வரிகளும் எழுதப்படும். கோப்பை நேரடியாக இயக்கிப் பார்க்கலாம். சோதனைக்கு இது வசதிதான். ஆனால் தானே இயங்கும் கோப்பைக் காணும் மாணவர், அதுவே தன் செயலி என்று எண்ணிவிடுகிறார். அடுத்த வரியை அங்கேயே எழுதத் தொடங்குகிறார். வரைவு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதற்கு '-பி' என்னும் முன்தோற்ற விருப்பம் போதும். அது கோப்பு எதையும் உருவாக்குவதில்லை. தொடக்கப் பாடங்களில் '-எக்ஸ்' இடம்பெறாமல் இருப்பதே நல்லது.

இன்னொரு குறை கருவியுடையதன்று, வரைவுடையது. டிசைனரில் தளவமைப்பு எதையும் பயன்படுத்தாமல் உறுப்புகளைச் சுட்டியால் இழுத்து வைத்தால், ஒவ்வொன்றின் இடமும் அளவும் பிக்சல் எண்களாகவே நிரலுக்குள் வந்துவிடும். ஆங்கிலத்தில் 'செட்டிங்ஸ்' என்னும் சொல்லுக்கு 75 பிக்சல் அகலப் பொத்தான் போதலாம். 'அமைப்புகள்' என்று தமிழில் மாற்றினால் அது வெட்டுப்படக்கூடும். இத்தனைக்கும் மொழிபெயர்ப்புக்கான ஏற்பாட்டைக் கருவி செம்மையாகவே செய்கிறது: திரையில் தெரியும் சொற்கள் யாவும் ரீட்ரான்ஸ்லேட்யுஐ என்னும் தனிச் செயற்கூறில் சேர்கின்றன. மொழி மாறும்போது அதை மட்டும் மீண்டும் அழைத்தால் போதும். சொல் மாறும், பொத்தான் விரியாது. கிடைமட்ட, செங்குத்து, கட்ட வடிவத் தளவமைப்புகளை வரையும்போதே இட்டிருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.

நிரலை உருவாக்காமலே, லோட்யுஐ என்னும் செயற்கூறின் மூலம் யுஐ கோப்பை இயக்க நேரத்தில் ஏற்றவும் முடியும். அழிவதற்குக் கோப்பே இல்லாததால் சிறிய செயலிகளுக்கு இது பாதுகாப்பான வழி. ஆனால் பொத்தானின் பெயரைத் தவறாக எழுதினால், நிரல் அந்த வரியை எட்டும்போதுதான் பிழை தெரியும். உருவாக்கப்பட்ட நிரலில் உறுப்புகளின் பெயர்கள் வெளிப்படையாக இருப்பதால், நல்ல நிரல் திருத்தி எழுதும்போதே அதைக் காட்டிக் கொடுக்கும். சாளரங்கள் பல கொண்ட செயலியில் பையுஐசியை விட்டுவிட முடியாததற்கு இதுவே காரணம்.