பெயரைச் சூட்டியவன் யார்?

காலித், ஆயிஷா, பாத்திமா, அப்துல்லா! நம் தெருவிலும் கடைவீதியிலும் நாள்தோறும் நாம் கேட்கும் பெயர்கள். நம்முடன் படித்து, நம்முடன் உழைத்து, நம் மொழியையே தாய்மொழியாகக் கொண்ட தோழர்கள் தாங்கி நிற்கும் பெயர்கள். எனினும், அவற்றின் பொருள் யாது என நம்மில் எத்துணைப் பேர் கேட்டிருப்போம்? கேட்டவர்க்குச் சிறு கையேடுகள் கிடைக்கும். இடப்புறம் பெயர்; வலப்புறம் பொருள். காலித் என்றால் நிலைத்திருப்பவன். ஆயிஷா என்றால் வாழ்பவள். பாத்திமா என்றால் குழந்தைக்குப் பால்குடி மறக்கச் செய்பவள். படித்தோம், பொருளை அறிந்தோம், ஏட்டை மூடினோம். வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம்.

முடியவில்லை என்கிறோம் நாம். பொருள் அறிவது பாதி வேலை. அந்தப் பெயரைச் சூட்டியவன் யார், யாருக்காகச் சூட்டினான் என்று கேட்பது மறுபாதி. இதைக் கூறக் காரணமாக இருப்பது ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட ஓர் அரபு நூல்.

பஸ்ரா நகரில் பிறந்து, 933 இல் பாக்தாதில் மறைந்தவர் இப்னு துரைத் எனும் பேரறிஞர். பெரும் அகராதி ஒன்றைத் தொகுத்தளித்தவர். அவர் இயற்றிய மற்றொரு நூல் ‘கிதாபுல் இஷ்திகாக்’, அதாவது சொற்பிறப்பு நூல். அரபுக் குலங்களின் பெயர்களையும், அக்குலங்களில் தோன்றியோர் பெயர்களையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேர்ச்சொல் காட்டுவது. 1854 இல் செர்மானிய நாட்டுக் கோட்டிங்கன் நகரில் அச்சேறியது. 1958 இல் கெய்ரோவில் நல்லதொரு பதிப்பும் கண்டது.

இந்நூல் ஏன் எழுந்தது? அரபு மக்கள் வேரும் பொருளுமற்ற பெயர்களைச் சூட்டிக் கொள்கின்றனர் என்று அந்நாளில் சிலர் ஏளனம் பேசினர். அதற்கு மறுமொழியாக எழுந்தது இது. வெகுண்டு ஏசவில்லை, வேரைத் தோண்டிக் காட்டினார். தெய்வ வாக்கு என்று கூறித் தப்பவில்லை. மனிதர் ஏன் இப்படிப் பெயரிட்டனர் என்று காரணம் தேடினார். பகுத்தறிவு வழி நிற்போர் பாராட்ட வேண்டிய முயற்சி அன்றோ!

அவர் கண்ட காரணங்கள் சுவையானவை. பகைவனை வெல்வான் எனும் நம்பிக்கையில் காலிப், அதாவது வெல்பவன் எனப் பெயரிட்டனர். பகைவன் நடுங்க வேண்டும் என்று அஸத், அதாவது சிங்கம் என்றனர். பாலைவனத்து முள்மரத்தின் பெயரால் தல்ஹா. பாறையின் பெயரால் சக்ர். இன்னொரு வழக்கமும் உண்டு. மனைவி பேறுகால வேதனையில் இருக்கும்போது கணவன் கூடாரத்தை விட்டு வெளியேறுவான். முதலில் கண்ணில் படுவது நரியோ, உடும்போ, காக்கையோ, நாயோ, அதுவே குழந்தைக்குப் பெயராகிவிடும்! கல்ப் என்றால் நாய். அது பெருங்குலம் ஒன்றின் பெயர். முர்ரா என்றால் கசப்பு. ஹர்ப் என்றால் போர். இவை வீரர்களின் பெயர்கள், குலத்தலைவர்களின் பெயர்கள்.

இனி அடிமைகளின் பெயர்களைப் பாருங்கள். காபூர் என்றால் கற்பூரம். யாகூத் என்றால் மாணிக்கம். ஜவ்ஹர் என்றால் மணி. யசார் என்றால் வளம். ரபாஹ் என்றால் இலாபம். மகனுக்கு நாய் என்று பெயர். அடிமைக்கு மாணிக்கம் என்று பெயர்! இஃதென்ன விந்தை?

இந்த வினாவை உத்பீ எனும் அறிஞரிடம் ஒருவர் கேட்டதாக இப்னு துரைத் தம் நூலிலேயே குறிக்கிறார். உத்பீ தந்த விடை சுருக்கமானது. மகன் பெயர் பகைவரின் செவிக்காக. அடிமை பெயர் நம் செவிக்காக என்பதே அதன் கருத்து. போர்க்களத்தில் மகனை அழைக்கும்போது எதிரி அஞ்ச வேண்டும். வீட்டில் அடிமையை ஏவும்போது எசமானன் நாவில் இனிமை ஊற வேண்டும்.

விடை நயமானது. ஆனால், அந்த நயத்தின் அடியில் கிடக்கும் கொடுமையைக் கண்டீர்களா? மகனுக்கும் அடிமைக்கும் பெயர் சூட்டியவன் ஒருவனே. இரண்டும் அவன் பயனுக்கே. கற்பூரம், மாணிக்கம், இலாபம் எல்லாம் பேழையில் பூட்டிவைக்கும் பொருள்கள், விலை மதிப்புள்ளவை, கைமாறுபவை. அடிமையும் அப்படித்தானே! அழகிய பெயர் அவனுக்கு அளித்த மதிப்பு அன்று. அவன் மீது ஒட்டிய விலைச்சீட்டு!

இங்கேதான் இப்னு துரைதை நாம் குறை காண்கிறோம். வேர்ச்சொல் காண்பதில் அவருக்கு நிகர் சிலரே. ஆனால், உத்பீயின் விடையை எழுதியவர் அதன் மேல் ஒரு கேள்வியும் எழுப்பாமல் கடந்து செல்கிறார். எசமானன் செவிக்கு இனித்த பெயர் அடிமையின் செவியில் எப்படி ஒலித்தது? நூலின் அமைப்பே அதைக் கேட்க இடந்தரவில்லை. குலவரிசைப்படி நடப்பது அந்நூல்; குலத்தினின்றும் பிரித்து விற்கப்பட்டவனுக்கு அந்த வரிசையில் இருக்கை ஏது?

அவர் கேட்காத கேள்விக்கு வரலாறு விடை வைத்திருக்கிறது. இப்னு துரைத் மறைந்த சில ஆண்டுகளில், கற்பூரம் எனப் பெயரிடப்பட்ட அந்தக் கறுப்பின அடிமை காபூரே எகிப்தின் ஆட்சியைக் கைக்கொண்டார். 946 முதல் 968 இல் இறக்கும் வரை அந்நாடு அவர் ஆணைக்குள் இருந்தது. பெருங்கவிஞர் முத்தனப்பி பதவி நாடி அவரை அண்டினார், புகழ்ந்து பாடினார். எண்ணிய பதவி கிட்டவில்லை. 962 இல் எகிப்தை விட்டு வெளியேறினார், வசைபாடினார். எதைச் சொல்லி? ஆட்சியில் கண்ட குறையையா? அடிமை என்பதையும், தோலின் நிறத்தையும்! நாடாண்ட போதும் சந்தையில் ஒட்டிய சீட்டு உதிரவில்லை.

நபிகள் நாயகம் பெயர் திருத்தும் பணியைச் செய்தார் என்பதை மறைக்க மாட்டோம். விக்கிரகங்களுக்கு அடிமை எனப் பொருள்பட்ட பெயர்களை மாற்றினார். ஆசியா, அதாவது கீழ்ப்படியாதவள் எனும் பெயருடைய பெண்ணுக்கு ஜமீலா, அதாவது அழகி எனப் பெயரிட்டார். அப்துல்லா என்றால் இறைவனின் அடிமை. ஆகவே, எந்த மனிதனுக்கும் அடிமை அல்லன் என்று அதற்கு விளக்கம் கூறுவோர் உண்டு. விளக்கம் நன்று. ஆனால், அப்துல்லாக்கள் வாழ்ந்த வீடுகளிலேயே யாகூத்துகளும் காபூர்களும் நூற்றாண்டுக் கணக்கில் ஏவல் செய்தனர். சவூதி அரேபியா அடிமை முறையை ஒழித்தது 1962 இல். மௌரித்தானியா 1981 இல். பெயர் திருந்தினால் போதாது, தோழர்களே. பெயரிடும் உரிமை எவன் கையில் இருக்கிறதோ அந்த ஏற்பாடு திருந்த வேண்டும்.

அரபு நாட்டுக் கதைதானே என்று ஒதுக்க வேண்டா. மனுதருமத்தின் இரண்டாம் அத்தியாயம் பெயர்சூட்டுக்குச் சட்டம் வகுக்கிறது: பார்ப்பனனுக்கு மங்களம், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு. அங்கே அடிமைக்கு மாணிக்கம். இங்கே சூத்திரனுக்கு இழிவு. சொல்லின் பொருளை மட்டும் பார்த்தால் எதிரெதிர். சூட்டியவனைப் பார்த்தால் இரண்டும் ஒன்று!

இறுதியாக ஒருவர் கதை. கிரேக்க மரபில் பிறந்த சிறுவன் ஒருவன் சிறைப்பிடிக்கப்பட்டு, பாக்தாதில் ஒரு வணிகனுக்கு விற்கப்பட்டான். யாகூத் எனப் பெயர். தந்தை பெயர் அறியப்படாதோர்க்கு வழங்கும் வழக்கப்படி ‘அப்துல்லாவின் மகன்’ என ஒரு தந்தையும் தரப்பட்டார். கணக்கெழுதக் கற்பித்தான் வணிகன். அவனோ உலகையே எழுதக் கற்றுக் கொண்டான். விடுதலை பெற்று, ஏடுகளைப் படியெடுத்து விற்று வயிறு வளர்த்து, நாடுகளையும் நகரங்களையும் அகரவரிசையில் விளக்கும் ‘முஃஜமுல் புல்தான்’ எனும் மாபெரும் களஞ்சியத்தை ஆக்கித் தந்து, 1229 இல் மறைந்தார் அந்த அறிஞர். புகழ் பெற்றபின் அவர் தம்மை யாகூப் என்று அழைத்துக் கொண்டதாக வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதுகிறார்.

யாகூத், யாகூப்! நம் செவிக்குக் கடையெழுத்தில் மட்டுமே வேற்றுமை. அவருக்கோ அது, பிறர் சூட்டியதற்கும் தாமே சூடிக்கொண்டதற்கும் உள்ள வேற்றுமை. ஆயினும், அவர் நூலின் முகப்பில் உலகம் இன்றும் பொறிப்பது யாகூத் என்ற பெயரையே.