திட்டமும் மதிப்பீடும்

குடியாட்சியிலே அரசு செலவிடும் பணம் மக்களுடையது. அச்செலவால் விளைந்த பயன் யாதென வினவும் உரிமையும் அவர்களுடையதே. அவ்வினாவிற்குச் சான்றுடன் விடை காண முயல்வதே திட்ட மதிப்பீடாகும். ஆயினும், திட்டத்தை வகுத்தவரே அதன் பயனையும் எடுத்துரைப்பாராயின், அவ்வுரையை எத்துணை நம்பலாம்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கனெற்றிக்கற் மாநிலத்து நிகழ்ச்சியொன்று இதனை நன்கு விளக்கும்.

1955ஆம் ஆண்டில் அம்மாநிலத்து வீதி விபத்துக்களில் 324 பேர் மாண்டனர். அவ்வாண்டிறுதியில் ஆளுநர் றிபிக்கோவ், மிகுவேகமாக வாகனஞ் செலுத்துவோரின் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் கடும் நடவடிக்கையை அறிவித்தார். 1956இல் இறந்தோர் தொகை 284 ஆயிற்று. நாற்பது உயிர்கள் காக்கப்பட்டன என்றும், திட்டம் பயனுடையதே என்றும் ஆளுநர் கூறினார்.

கம்பெல், றொஸ் என்னும் ஆய்வாளர் இருவர் 1968இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கூற்றை ஆராய்ந்தனர். ஈராண்டுத் தொகைகளோடு அமையாது, முன்னும் பின்னுமுள்ள ஆண்டுகளின் தொகைகளையும் அயல் மாநிலங்களின் தொகைகளையும் ஒப்புநோக்கினர். விபத்து மரணங்கள் ஆண்டுதோறும் ஏறியும் இறங்கியும் வருவன. 1955ஓ வழமையினும் மிக உயர்ந்த ஆண்டு. உச்சத்தை எட்டிய தொகை, யாதொன்றுஞ் செய்யாவிடத்தும், மறுவாண்டில் தாழ்வதே பெரும்பான்மை. எனவே, நாற்பதில் ஒரு பகுதியேனும் இவ்வியல்பான தாழ்வாதல் கூடும். அன்றியும், பத்திரம் இழந்த பின்னரும் வாகனஞ் செலுத்திப் பிடிபட்டோர் வீதமும், வேகக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை பெற்றோர் வீதமும் உயர்ந்தன. தண்டனை கடுமையாக, அதனைத் தவிர்க்கும் வழிகளும் பெருகின.

ஆளுநர் காட்டிய எண்கள் பொய்யல்ல. அவற்றினின்று பெற்ற முடிபே விரைந்ததாகும். அவ்விரைவின் காரணத்தைக் கம்பெல் 1969இல் எழுதிய கட்டுரையொன்று புலப்படுத்துகின்றது. தாம் கொண்ட திட்டம் வெல்லுமென முன்னரே உறுதி கூறியவர் நேர்மையான மதிப்பீட்டை அஞ்சுவர். குறையோ பெரிது, இவ்வழி பயன்படாதாயின் வேறுவழி முயல்வோம் என்பவர் அதனை வரவேற்பர்.

இக்கருத்துச் சிறந்ததே, எனினும் பழி தலைவரை மட்டும் சார்ந்ததன்று. ஒரு முயற்சி பயன்படவில்லை என ஒப்புக்கொண்டவரை எள்ளி நகையாடி, வென்றேன் எனப் பறைசாற்றுபவருக்கே வாக்களிக்கும் மக்கள், உண்மையை மறைக்கவே தலைவரைப் பழக்குகின்றனர். தோல்வியை ஒப்புக்கொள்ளும் நேர்மையை மதிக்கக் கற்ற சமுதாயத்திலேயே மதிப்பீடு தன் பணியைச் செய்யும். அஃதில்லாவிடத்து அது விளம்பரமாய் முடியும்.