மதகு திறந்த பக்கம்

உத்திரமேரூர் ஏரிக்கரையில் அமர்ந்து, சிக்னல் மெலிந்த கைப்பேசியில் நீண்டதொரு பக்கத்தைத் திறக்கையில், முதலில் தலைப்பும், அடுத்து ஒரு பத்தியும், பின்னர் மற்றொன்றுமாக எழுத்துகள் பிரசன்னமாவதைக் கண்டு நான் பன்முறை ஆனந்தமடைந்திருக்கிறேன். முழுப் பக்கமும் தயாராகும்வரை வாசகரைக் காக்க வைக்காமல், ஆயத்தமான பகுதியை அந்தக் கணத்திலேயே சர்வர் அனுப்பிவிடுகிற இந்த ஏற்பாடு, 1997ஆம் ஆண்டு வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையிலேயே இடம்பெற்றது. மொத்த அளவை முன்கூட்டி அறிவிக்கும் நிர்ப்பந்தம் அதில் இல்லை. ஒவ்வொரு துண்டும் தன் நீளத்தைப் பதினாறை அடியாகக் கொண்ட எண்ணில் முதலில் சொல்லிக்கொண்டு வருகிறது. நீளம் பூஜ்யம் என்று ஒரு துண்டு வந்தால், அதுவே சமாப்தி. எத்தனை சிக்கனமான இலக்கணம்! முடிவுக்குப் பூஜ்யத்தைத் தேர்ந்தவர்களின் ரசனையை மனமாரப் போற்றுகிறேன்.

பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் சாசனங்கள், இவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் ஏரியைக் கண்காணித்த குழுவான ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அத்தகைய ஏரியின் மதகைத் திறந்த மாத்திரத்தில் தலைமடைக் கழனி நனையத் தொடங்க, கடைமடைக்கு நீர் பின்னர் சென்று சேர்வதைப் போன்றதே பக்கம் துண்டுதுண்டாக வந்து சேர்வதும். வாசகருக்கும் சர்வருக்கும் இடையில் நிற்கும் பிராக்ஸி அத்துண்டுகளைத் தேக்கிவைத்து ஒருசேர விடுமானால் மட்டும் சர்வரின் சிரத்தை விரயமாகிறது. அத்தேக்கம் நேராத மாலைகளில், வறண்ட வாய்க்காலில் ஈரம் முன்னேறுவதுபோல் வரிவரியாக எழுத்து இறங்கி வருகிறது.