டேக்வாண்டோ தற்காப்புக்கு உதவுமா?

டேக்வாண்டோவில் கறுப்புப் பட்டை பெற்றவரை எவராலும் வீழ்த்த முடியாது என்ற நம்பிக்கை மாணவரிடையே உண்டு. இது எந்த அளவுக்கு உண்மை என்று ஆராய்வோம்.

கொரியாவில் 1955-இல் இப்பெயர் பெற்ற இக்கலை, 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாயிற்று. இதன் சிறப்பு உதை. கால், கையைவிட நீளமானது; நிறை மிக்கது. உதையின் வேகம் இரு மடங்கானால் அதன் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். தேர்ந்த வீரரின் உதை விலா எலும்பை முறித்துவிடக்கூடும். இதில் ஐயமில்லை.

ஆனால், ஆற்றல் இருப்பது வேறு. அதை உரிய இடத்தில் சேர்ப்பது வேறு. பலகையை உடைத்துக் காட்டும்போது கூட்டம் கைதட்டுகிறது. அந்தப் பலகையோ உலர்ந்தது, நார்களின் போக்கில் பிளக்குமாறு பிடிக்கப்படுவது, விலகி ஓடாதது. அதை உடைப்பது உதையின் வலிமைக்குச் சான்றேயன்றிச் சண்டைத் திறனுக்குச் சான்றாகாது.

போட்டியாவது சான்றாகுமா? அங்கே முகத்தில் குத்தக்கூடாது. இடுப்புக்குக் கீழே உதைக்கக்கூடாது. எதிராளியைப் பிடித்து இழுக்கக்கூடாது. உடலில் விழும் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, தலையில் விழும் உதைக்கு 3. எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதையே உடல் பழகிக்கொள்கிறது. முகத்தில் குத்து வராது என்பதால் பல வீரர்கள் கைகளைத் தாழ்த்தியே நிற்கின்றனர். தெருச் சண்டையில் இப்பழக்கமே ஆபத்தாக முடியும்.

மற்றொரு குறையும் உண்டு. உதைக்க இடைவெளி வேண்டும். உதைக்கும் நொடியில் உடலின் முழு எடையும் ஒரு பாதத்தின் மீது நிற்கிறது. அப்போது எதிராளி காலைப் பற்றினால் அல்லது நெருங்கித் தள்ளினால் நிலை தடுமாறும். போட்டியில் நடுவர் இருவரையும் விலக்கிவிடுவார். தெருவில் நடுவர் ஏது?

அப்படியானால் இக்கலை வீணா? அன்று. அமெரிக்கக் கலப்புச் சண்டை வீரர் ஆண்டனி பெட்டிஸ் சிறுவயதில் டேக்வாண்டோ பயின்றவர். 2010-இல் அவர் கூண்டுச் சுவரில் கால் ஊன்றித் தாவி, பென்சன் ஹென்டர்சனை முகத்தில் உதைத்து வீழ்த்தினார். ஆயினும் 2013-இல் அதே எதிராளியை அவர் வென்றது உதையால் அன்று. தரையில் கிடந்தபடி முழங்கையைப் பூட்டி. உதையோடு பிடிச்சண்டையையும் அவர் பயின்றிருந்தார் என்பதே இதில் நாம் காண வேண்டியது.

ஆகவே, வகுப்பில் சேரும் மாணவர் பட்டையின் நிறத்தைக் கேட்க வேண்டாம். நகர்ந்து எதிர்க்கும் எதிராளியோடு பயிற்சி உண்டா? முகத்துக்கு வரும் குத்தைத் தடுக்கவும், பிடியிலிருந்து விடுபடவும், விழுந்தால் எழவும் கற்பிக்கிறார்களா? இவற்றைக் கேட்கட்டும். இல்லை என்பது விடையானால், அங்கே கிடைப்பது நல்ல உடற்பயிற்சி, நல்ல விளையாட்டு. முழுமையான தற்காப்பு அன்று. கத்தியோடு வருபவனிடமிருந்து தப்பி ஓடுவதே எந்தப் பட்டையினருக்கும் அறிவுடைமை.