மாறாப் பேக்கப்புக்கு எந்த லினக்ஸ் மரபு?

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா நச்சுநிரல் மார்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய சரக்குப்பெட்டி முனையமும் முடங்கியது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் புதிதாக நிறுவினார்கள். பயனர் கணக்குகளைத் தாங்கிய சர்வர்களில் தப்பியது ஒன்றே ஒன்று. அதுவும் கானாவில் மின்வெட்டால் அணைந்து கிடந்த புண்ணியம்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் இருபதடிப் பெட்டிகளுக்கு மேல் கையாளும் மலேசியாவின் பினாங்குத் துறைமுகம் மின்வெட்டை நம்பியிருக்க முடியாது. 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலையக் கணினிகளைத் தாக்கியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள். பிரதமர் அன்வார் இப்ராஹிம் மறுத்துவிட்டார். 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பிலுள்ள இணையப் பாதுகாப்புச் சட்டமும் போக்குவரத்தை முக்கியத் துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

குறித்த நாள்வரை அழிக்க முடியாத பேக்கப்தான் இத்தகைய தாக்குதலுக்குக் காப்பு. லினக்ஸ் கெர்னலில் ஒரு கோப்புக்கு ‘மாறாத’ குறி இட்டால், ‘ரூட்’ எனும் உச்ச உரிமையுள்ளவர் அக்குறியை எடுக்கும்வரை கோப்பைத் திருத்தவோ நீக்கவோ முடியாது. பேக்கப் மென்பொருள் நிறுவனமான வீம் 2021-இல் 11-ஆம் பதிப்பில் தந்த பெட்டகம் இதன்மேல்தான் நிற்கிறது. வலைவழி பேசும் அதன் சேவைக்கு ரூட் உரிமை கிடையாது. பூட்டு குறைந்தது ஏழு நாள். கெர்னலின் குறி என்பதால் இது எல்லா மரபுக்கும் பொது.

மரபுகள் பிரிவது பராமரிப்பில். 1993-இல் தொடங்கிய டெபியன் நிதானமானது. ஒரு பதிப்புக்கு மூன்றாண்டும், நீட்டிப்பாக இரண்டாண்டும் ஆதரவு. அதிலிருந்து கிளைத்த உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் (எல்டிஎஸ்) பதிப்புக்கு ஐந்தாண்டு. ரெட் ஹாட் குடும்பத்தில் பத்தாண்டு. ஆனால் 2020 டிசம்பரில் அக்குடும்பத்தின் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 8-இன் ஆயுளை 2021 முடிவோடு நிறுத்துவதாக ரெட் ஹாட் அறிவித்ததும் அதை நம்பியவர்கள் தவித்தார்கள். அந்த வெற்றிடத்தில்தான் ராக்கி லினக்ஸும் ஆல்மா லினக்ஸும் பிறந்தன. ஜெர்மனியின் சுசே, தரவுக்கு எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையை முன்னிருப்பாகத் தருகிறது.

அந்த எக்ஸ்எஃப்எஸ் முக்கியம். அதன் ரீஃப்லிங்க் வசதியால் மாறாத தரவுத் துண்டுகளை வாராந்தர முழு பேக்கப்புகள் பகிர்ந்துகொள்ளும், வட்டு விரைவில் நிரம்பாது. பாதுகாப்புக்கு சிஐஎஸ் வரையறைகளும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஸ்டிக் விதிகளும் அளவுகோல். வீம் தானே தரும் நிறுவல் வட்டு, ஸ்டிக் விதிகளை ஏற்ற ராக்கி லினக்ஸ்.

எந்த மரபானாலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. கடிகாரத்தை முன்னோக்கித் தள்ளினால் பூட்டு ‘காலாவதி’ ஆகிவிடக்கூடும். சர்வரின் தொலைநிலை மேலாண்மைப் பலகை திறந்திருந்தால் வட்டையே அழித்துவிடலாம்.

ஊழியர்களுக்கு டெபியன் மரபின் நிறுவல் கருவியான ‘ஆப்ட்’ பழக்கமென்றால் உபுண்டு எல்டிஎஸ். ரெட் ஹாட் மரபின் ‘டிஎன்எஃப்’ பழக்கமென்றால் 2032 மே வரை ஆதரவுள்ள ராக்கி 9 அல்லது ஆல்மா 9. லினக்ஸ் தெரிந்தவரே இல்லாத அலுவலகம் வீமின் நிறுவல் வட்டையே போட்டுக்கொள்ளட்டும்.