கருத்தடையும் கருக்கலைப்பும்: அவசரக் கருத்தடைப் பயிற்சியின் சொல்லாட்சி குறித்த திறனாய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நாகரசம்பட்டி போன்ற ஊர்களில் அவசரக் கருத்தடை குறித்துப் பெண்கள் வினவத்தக்கவர்கள் கிராம சுகாதார செவிலியர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் ஆகியோரே. ஓசூர்த் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளம்பெண்களுக்கும் இது பொருந்தும். இப்பணியாளர்களுக்கான பயிற்சியில் மருந்தின் அளவும் காலமும் கற்பிக்கப்பட்டால் போதுமா என்பது சிந்தனைக்குரியது.

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரை கருமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கிறது அல்லது தாமதப்படுத்துகிறது. உறவுக்குப் பின் எவ்வளவு விரைவில் உட்கொள்ளப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும். ஏற்கெனவே உண்டான கருவை அது கலைப்பதில்லை. கருக்கலைப்புக்குரிய மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் ஆகியவை வேறு மருந்துகள். அவை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மருத்துவரின் பொறுப்பில் தரப்படுபவை. பேச்சுவழக்கிலோ இரண்டும் ‘கலைக்கிற மாத்திரை’ என்றே ஒன்றாகிவிடுகின்றன. அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி விற்க நடுவணரசு 2005இல் இசைவளித்தும், தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் அது அரிதாகவே கிடைக்கிறது. இந்நிலை நீடிப்பதில் இச்சொல்மயக்கத்திற்கும் பங்குண்டு எனலாம்.

பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் ‘கர்ப்பத்தடை’ என்னும் இயல் உள்ளது. பிறர் உடல்நலத்தையும் வறுமையையும் காரணங்களாகக் காட்ட, அவர் பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாக வைத்தார். பின்னர் அரசு வழக்கில் நிலைபெற்ற ‘குடும்பக் கட்டுப்பாடு’, ‘குடும்ப நலம்’ ஆகிய தொடர்களில் பெண்ணின் இடத்தைக் குடும்பம் பெற்றது. இச்சொற்களில் பழகிய பணியாளர், மாத்திரை கேட்டு வரும் பெண்ணிடம் “கல்யாணம் ஆயிடுச்சா?” என்று முதலில் வினவுவாராயின் அதில் வியப்பில்லை. உறவு நிகழ்ந்து எத்தனை மணி நேரமாயிற்று என்பதே அங்குக் கேட்கப்பட வேண்டிய முதல் வினா.

பாலியல் வன்முறைக்கு உள்ளானோர் வரும்போது இப்பிழை பெருந்தீங்காகிறது. அவர்களுக்கு அவசரக் கருத்தடை வழங்கப்பட வேண்டும் என்பது நடுவண் சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கருக்கலைப்பு என மயங்கித் தயங்கும் பணியாளரால் இழக்கப்படும் ஒவ்வொரு மணி நேரமும் மருந்தின் பயனைக் குறைக்கிறது.

சொல்லைத் திருத்துவதால் மட்டும் மாத்திரை கடைக்கு வந்துவிடாது என்பது உண்மையே. எனினும், கையிருப்பில் உள்ள மாத்திரையையும் மறுக்கச் செய்வது சொல்மயக்கமே. ஆகவே, தடுப்பதையும் கலைப்பதையும் மக்கள் பேசும் மொழியிலேயே பிரித்துக்காட்டும் பாடம் பயிற்சியின் தொடக்கமாக அமைய வேண்டும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில் அப்பாடம் மும்மொழியிலும் அமைதல் இன்றியமையாதது.